மோட்டார்ஹோம் ரெட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள்ள மூட்டம்: கழட்டி சரி பண்ண முடியுமா?

நாலுசக்கர_வீடு

எல்லாருக்கும் வணக்கம். நம்மளது பழைய மோட்டார்ஹோம், இன்னொருத்தர் ஓட்டி நம்ம கைக்கு வந்தது. மேஜை பக்கத்துல இருக்கிற பெரிய ஜன்னல் ரெட்டைக் கண்ணாடி. வாங்குனப்பவே காலைல லேசா வேர்த்த மாதிரி இருக்கும், வெயில் ஏறுனா காணாம போயிடும், சரி ஈரம்தானேன்னு விட்டுட்டேன். இப்ப ஒரு மழை சீசன் முடிஞ்சதும் கீழ்ப்பாதி பூரா பால் ஊத்துன மாதிரி வெள்ளையா நிக்குது, மதியானம் கூட போக மாட்டேங்குது. உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டையும் தேச்சு பாத்தாச்சு, கைதான் வலிக்குது. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுலதான் ஏதோ இருக்கு. இதை நானே பிரிச்சு சரி பண்ண முடியுமா, இல்ல ஜன்னலையே மாத்தணுமா? ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க தெரியும், கண்ணாடி வேலை சுத்தமா தெரியாது.

பழைய_ஸ்பேனர்

முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, அது நிஜக் கண்ணாடியா அக்ரிலிக்கா? நகத்தால தட்டுனா அக்ரிலிக் மொத்தமான பிளாஸ்டிக் சத்தம் குடுக்கும், கண்ணாடி கிண்ணுனு இருக்கும், தொட்டா ஜில்லுனும் இருக்கும். ரெண்டு, மூலைல எங்கயாவது பொடி எழுத்துல முத்திரை மாதிரி இருக்கான்னு பாருங்க. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, தெரியாம எதையும் தேய்க்காதீங்க.

நாலுசக்கர_வீடு

கண்ணாடிதான் அண்ணே. அலுமினிய ஃபிரேம், மூலை எல்லாம் வளைவா இருக்கு. கீழ் மூலைல முத்திரை இருக்கு, டெம்பர்டுன்னு போட்டிருக்கு. அகலம் 90 செ.மீ, உயரம் 60 செ.மீ, நடு இடைவெளி 6 மி.மீ இருக்கும்.

சும்மா_பார்வையாளன்

இதுக்கு எதுக்கு ஜன்னலையே கழட்டணும்? வீட்டு ஜன்னலுக்கு பண்ற மாதிரி மேல ஒண்ணு கீழ ஒண்ணு சின்னதா ஓட்டை போட்டு, உள்ள கழுவி, காய வச்சு, சின்ன வால்வு மாட்டி விட்டா முடிஞ்சுது. வீடியோல பாத்தேன், அரை மணி நேர வேலை.

பழைய_ஸ்பேனர்

அவரோடது டெம்பர்டு. டிரில் பிட்டு முனை கொஞ்சம் இறங்குன உடனே மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி கொட்டிடும். டெம்பர்டு கண்ணாடியை சூடு பண்ணி சடார்னு குளிர வைக்கிறதால வெளித்தோல் அமுங்கியும் நடுப்பகுதி இழுபட்டும் நிக்குது, அந்த பேலன்ஸ்ல கை வச்சா அவ்ளோதான். வெட்டறதோ ஓட்டை போடறதோ எல்லாம் சூடு பண்றதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும். நீங்க பாத்த வீடியோ சாதா கண்ணாடிக்கு.

சும்மா_பார்வையாளன்

ஓ. நல்லவேளை, என் வண்டில நாளைக்கு பண்றதா இருந்தேன்.

நாலுசக்கர_வீடு

😂 ஹேர் டிரையர் வச்சு சூடு காட்டி ஈரத்தை விரட்ட முடியாதா அண்ணே?

பழைய_ஸ்பேனர்

விரட்டி எங்க அனுப்புவீங்க? அது மூடுன பெட்டி. சூடு காட்டுனா தண்ணி ஆவியாகி கண்ணுல இருந்து மறையும், ராத்திரி குளிர்ந்ததும் திரும்ப அதே கண்ணாடில வந்து உக்காரும். கொஞ்சம் கணக்கு போட்டு காட்டறேன், எனக்கே இதை போட்டு பாத்தப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது.

உங்க ஜன்னல் 90 × 60, நடுவுல 6 மி.மீ. உள்ள இருக்கிற காத்து சுமார் மூணேகால் லிட்டர். 30 டிகிரில காத்து முழுசா ஈரம் குடிச்சா ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் தண்ணி தாங்கும், 10 டிகிரில 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். அப்ப உங்க மூணேகால் லிட்டர்ல அதிகபட்சம் 0.1 கிராம், குளிர்ந்ததும் அதுல முக்கால்வாசி கண்ணாடில படியும். அதாவது ஒன்றரை சொட்டு. ஒன்றரை சொட்டு தண்ணிதான் உங்க ஜன்னலை மறைக்குது.

சரி, அந்த ஒன்றரை சொட்டு உள்ள எப்படி வந்துச்சு? ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஓரம் பூரா ஸ்பேசர்னு ஒரு சட்டம் ஓடும், அதுக்குள்ள ஈரம் உறிஞ்சுற மணி போட்டிருப்பாங்க. அந்த மணி பெரும்பாலும் மாலிக்யூலர் சீவ், தன் எடைல அஞ்சுல ஒரு பங்கு தண்ணி குடிக்கும். 30 கிராம் மணி இருந்தா 6 கிராம் தண்ணி. ஓரத்துல சீல் எங்கயோ மயிரிழை விட்டிருக்குன்னு வைங்க. ராத்திரி 15 டிகிரி, பகல்ல வெயில்ல 50 டிகிரி. உள்ள இருக்கிற காத்து 12 சதவீதம் விரியும், கிட்டத்தட்ட 400 மில்லி வெளிய போகும், ராத்திரி அதே அளவு உள்ள வரும். ஜன்னல் மூச்சு விடுதுன்னு வச்சுக்கங்க. வர்ற 400 மில்லி ஈரக் காத்துல இருக்கிறது மிஞ்சிப் போனா 8 மில்லிகிராம் தண்ணி. இந்த வேகத்துல 6 கிராம் நிறைய 750 நாளாவது ஆகும். ரெண்டு வருஷம்!

ஆனா ஓட்டை இருக்கிற ஓரம் தண்ணிக்குள்ள முங்கி இருந்தா? மூச்சு இழுக்கும்போது காத்துக்கு பதிலா தண்ணியையே உறிஞ்சும். அப்ப ரெண்டு வருஷ வேலை ரெண்டு மழைல முடிஞ்சிடும். உங்களுக்கு ஒரே சீசன்ல இப்படி ஆச்சுன்னு சொல்றீங்க, அதுவும் கீழ்ப்பாதி. அதனால கண்ணாடியை பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ஃபிரேமோட கீழ்ப்பக்கம் வெளிய இருந்து பாருங்க, தண்ணி வடியறதுக்கு சின்ன சின்ன வாய் இருக்கணும், வீப் ஹோல்னு சொல்வாங்க. அது திறந்திருக்கா?

மலையேறி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எங்க வண்டில அக்ரிலிக் ஜன்னல், அதுலயும் காலைல உள்ள பனி படியுது. அதுக்கும் சீல் போச்சுன்னு அர்த்தமா? போன வாரம் ஓரத்துல அழுக்கு எடுக்கறேன்னு ஆல்கஹால் தொட்டு தொடச்சேன், இப்ப அந்த இடத்துல பொடிப்பொடியா மயிர் விரிசல் மாதிரி தெரியுது, அது வேற பயமா இருக்கு.

பழைய_ஸ்பேனர்

அக்கா, ஆல்கஹால், அசிட்டோன், தின்னர், கண்ணாடி தொடைக்கிற ஸ்ப்ரே எதையும் அக்ரிலிக் கிட்ட கொண்டு போகாதீங்க. வளைச்சு அழுத்தி செஞ்ச அக்ரிலிக்ல உள்ளுக்குள்ள இழுவிசை நிறைய இருக்கும், கரைப்பான் பட்டதும் அந்த இழுவிசை விரிசலா வெளிய வந்துடும். வந்த விரிசல் போகாது, இனிமே வராம பாத்துக்கலாம். வெதுவெதுப்பான தண்ணி, துளி பாத்திரம் கழுவுற சோப்பு, மெத்துனு ஒரு துணி, அவ்ளோதான்.

பனி விஷயத்துக்கு பயப்பட வேணாம். அக்ரிலிக் வழியா நீராவி மெதுவா ஊடுருவிக்கிட்டே இருக்கும், சீல் நல்லா இருந்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ள சேரும். பல மாடல்ல உள்பக்க ஓரத்துல சின்ன ரப்பர் அடைப்பான் ஒண்ணோ ரெண்டோ இருக்கும். வெயில் நாள்ல அதை பிடுங்கி, வண்டிக்குள்ள சூடா காய வச்சு ரெண்டு மூணு நாள் விட்டு திரும்ப அடைச்சிடுங்க. அவசரம்னா மீன் தொட்டிக்கு வைக்கிற ஏர் பம்ப் இருக்குல்ல, அதோட குழாய் நடுவுல சிலிக்கா ஜெல் நிறைச்ச பாட்டில் ஒண்ணை சேர்த்து, காஞ்ச காத்தை ஒரு ஓட்டைல விட்டா இன்னொன்னு வழியா ஈரம் வெளிய போகும்.

மலையேறி

அடைப்பான் மேல் ஓரத்துலயே ரெண்டு இருக்கு! இத்தனை நாளா ஏதோ டெக்கரேஷன்னு நினைச்சேன். நன்றிங்க.

ஓரஞ்சீட்டு

நான் வேற ரூட்டு. என் வண்டில ரெண்டு ஜன்னல் இப்படி ஆச்சு, பிரிச்சு உள் கண்ணாடியை தூக்கி போட்டுட்டு ஒத்தைக் கண்ணாடியா மாட்டிட்டேன், இடைவெளிக்கு ரப்பர் பட்டை. அஞ்சு வருஷமா மூட்டமே இல்ல. நடுவுன்னு ஒண்ணு இருந்தாதானே நடுவுல மூட்டம் வரும்.

கண்ணாடிப்பட்டறை_ஆள்

வேலை செய்யும், மறுக்கல. ஆனா ஒத்தைக் கண்ணாடி வழியா போற சூடு சதுர மீட்டருக்கு, உள்ள வெளிய ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.7 வாட், 6 மி.மீ இடைவெளி விட்ட ரெட்டைல 3.3 கிட்ட. குளிர்ல தூங்கும்போது ஒத்தைக் கண்ணாடியோட உள்பக்கம் வழிஞ்சு ஓடும், அது அப்படியே கீழ சுவர் பலகைக்குள்ள இறங்கும். கண்ணாடி மூட்டத்தை தப்பிச்சு மரம் அழுகல்ல மாட்டிக்கிற கதை. வெயில் காலத்துல மட்டும் ஓட்டறவங்களுக்கு ஓகே.

நான் ரெட்டைக் கண்ணாடி ஒட்டற பட்டறைல கொஞ்ச வருஷம் வேலை பாத்தவன், அதனால கேக்கறேன், மேல சொன்ன வெள்ளைப் படலம் ஈரமா, கறையா? காஞ்ச நாள்ல கூட போகலைன்னா அது தண்ணி இல்ல. கண்ணாடி மேல தண்ணி நாள் கணக்கா நின்னா கண்ணாடில இருக்கிற சோடியம் தண்ணில இறங்கும், அந்த ரெண்டு சொட்டு தண்ணி காரமாகிடும், கார தண்ணி கண்ணாடியையே அரிக்க ஆரம்பிக்கும். வெளிப்பக்கம்னா மழை கழுவிடும், உள்ள கழுவ ஆள் ஏது. ஆரம்பத்துல கறையா இருக்கும், கழுவலாம். அரிச்சு குழி விழுந்துட்டா அந்தக் கண்ணாடிக்கு திவசம்தான். பிரிச்சு பாத்தாதான் தெரியும்.

நாலுசக்கர_வீடு

அண்ணே, ஸ்பேனர் அண்ணே, கை குடுங்க. இன்னிக்கு கீழ குனிஞ்சு பாத்தேன். ஃபிரேம் கீழ்ப்பக்கம் மூணு வாய் இருக்கு, மூணையும் யாரோ சிலிக்கான் வச்சு அழகா பூசி மூடியிருக்காங்க! முன்னாடி வச்சிருந்தவர் லீக்குன்னு நினைச்சு அடைச்சிருப்பார் போல. கத்தி முனையால ஒண்ணை குத்துனேன், கருப்பா சாக்கடைத் தண்ணி வாடையோட வழிஞ்சுது, மழை நின்னு அஞ்சு நாள் ஆனப்புறமும்!!

பழைய_ஸ்பேனர்

அதேதான். தண்ணி வருதுன்னு பாத்து வாயை மூடிடறாங்க, அது தண்ணி வெளிய வர்ற வாய்னு தெரியாம. ஜன்னல் ரப்பர் வழியா கொஞ்சம் மழை ஃபிரேமுக்குள்ள எப்பவும் இறங்கும், இறங்கி வெளிய போற மாதிரிதான் டிசைன். மூடுனதும் ஃபிரேம் தொட்டி ஆயிடுச்சு, உங்க கண்ணாடி அந்த தொட்டில கால் நனைச்சுக்கிட்டு நின்னிருக்கு. இதை சரி பண்ணாம புதுக் கண்ணாடி போட்டிருந்தா அடுத்த வருஷம் திரும்ப இதே இழைக்கு வந்திருப்பீங்க.

இப்ப கழட்டலாம். உள்பக்கம் சுத்தி ஒரு வளையம் ஸ்க்ரூ போட்டு இருக்கும், அந்த வளையமும் வெளி ஃபிரேமும்தான் சுவரை நடுவுல கவ்விப் பிடிக்குது. ஸ்க்ரூ எடுக்கும்போது வெளிய ஒரு ஆள் கண்டிப்பா நிக்கணும், பழைய பசை ஒட்டியிருந்தா நிக்கும், ஒட்டலைன்னா கடைசி ஸ்க்ரூவோட ஜன்னல் தெருவுல. ஒரே மூலைல போட்டு தள்ளாதீங்க, அகலமான புட்டி பிளேடை ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவுல விட்டு சுத்தி சுத்தி கொஞ்சம் கொஞ்சமா. எடுத்ததும் ஓட்டையோட கீழ் மரத்தை ஸ்க்ரூ டிரைவரால குத்தி பாருங்க, மெத்துனு இறங்குனா அது தனி வேலை, முதல்ல அதை முடிங்க.

நாலுசக்கர_வீடு

மரம் தப்பிச்சுது, ஒரு மூலைல மட்டும் கொஞ்சம் கருப்பு, கெட்டியாதான் இருக்கு, காய விட்டிருக்கேன். ஜன்னல் இப்ப மேஜை மேல கம்பளி விரிச்சு படுத்திருக்கு, வண்டில ஓட்டையை பிளைவுட் வச்சு மூடியாச்சு. ஃபிரேம் மேல் நடுவுல ஒரு இணைப்புத் தகடும் ரெண்டு ஸ்க்ரூவும் இருந்துச்சு, கழட்டுனதும் ஃபிரேம் விரிஞ்சு கண்ணாடி வெளிய வந்துடுச்சு. ஒரு சந்தேகம், கண்ணாடி அலுமினியத்து மேல நேரா உக்காந்திருந்துச்சு, அப்படித்தான் இருக்கணுமா?

கண்ணாடிப்பட்டறை_ஆள்

இல்லவே இல்ல. கீழ ரெண்டு ரப்பர் கட்டை இருக்கணும், அகலத்துல கால் பங்குல ஒண்ணு முக்கால் பங்குல ஒண்ணு. அது கண்ணாடியை தூக்கி பிடிச்சாதான் அடில தண்ணி ஓட வழி இருக்கும், ஆட்டத்துல கண்ணாடி உலோகத்துல இடிக்காமலும் இருக்கும். நழுவி விழுந்திருக்கும், இல்ல யாரோ போடாம விட்டிருப்பாங்க. கட்டையை வீப் ஹோல் மேல வச்சிடாதீங்க, அதையும் பாத்திருக்கேன்.

பிரிக்கறதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப் ஒட்டி எது வெளிக் கண்ணாடி, எது மேல் பக்கம்னு எழுதிடுங்க. வெளிக் கண்ணாடி லேசா கலர் குடுத்ததா இருந்தா கூட, பிரிச்சு கழுவுனப்புறம் ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். அப்புறம் வளைவு மூலை நாலும் ஒரே மாதிரி இருக்காது, திருப்பி வச்சா ஃபிரேம் மூடாது. ஒரு அட்டைல அவுட்லைன் வரைஞ்சு வச்சுக்கங்க. கண்ணாடி தேறலைன்னா புதுசுக்கு அந்த அட்டைதான் அளவு, டெம்பர்டு பண்ணப்புறம் ஒரு மி.மீ கூட குறைக்க முடியாது. மொத்த தடிமனையும் குறிச்சுக்கங்க, அது ஃபிரேம் காடிக்குள்ள போகணும்.

பிரிக்க மெல்லிசான பிளேடு, கிடார் கம்பி ரெண்டுல ஒண்ணு. பியூட்டைல் பசை (ரப்பர் மாதிரி பிசுபிசுன்னு இருக்கும்) இருந்தா ஹீட் கன்னை தூரமா பிடிச்சு லேசா இளக்கி கம்பியை அறுக்கற மாதிரி இழுங்க. நெம்பாதீங்க. டெம்பர்டு முகத்துல குத்தினா கூட தாங்கும், ஓரத்துல தட்டுனா போச்சு. கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு தடிச்ச கிளவுஸ்.

நாலுசக்கர_வீடு

ரெண்டரை மணி நேரம் ஆச்சு, கம்பி மூணு தடவை அறுந்துச்சு, ஆனா ரெண்டு கண்ணாடியும் முழுசா கையில இருக்கு! ஸ்பேசர் அலுமினியக் குழாய், உள்ள இருந்த மணி எல்லாம் ஈரமா கட்டி பிடிச்சு கிடக்கு. ஒட்டியிருந்த பியூட்டைலை பிளேடால சுரண்டி, மினரல் ஸ்பிரிட்ல தொடச்சேன். கறைக்கு வெள்ளை வினிகர் ஊறப்போட்டு தேச்சதுல உள் கண்ணாடி பளிச்சுனு வந்துடுச்சு. வெளிக் கண்ணாடில கீழ ஒரு நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை இன்னும் இருக்கு, விரல் நகத்துக்கு சொரசொரப்பா படல, ஆனா வெளிச்சத்துல தெரியுது.

கண்ணாடிப்பட்டறை_ஆள்

நகத்துக்கு படலைன்னா நம்பிக்கை இருக்கு. சீரியம் ஆக்சைடு பவுடர் வாங்கி தண்ணில கூழ் மாதிரி கரைச்சு, டிரில்லுல ஃபெல்ட் பேடு மாட்டி மெதுவான வேகத்துல தேய்ங்க. எப்பவும் ஈரமா இருக்கணும், ஒரே இடத்துல நிக்கக்கூடாது, சூடு ஏறுனா கண்ணாடி விட்டுடும். பொறுமையா ஒரு மணி நேரம் குடுத்து பாருங்க. அப்பவும் நிக்குதுன்னா நிறுத்திடுங்க, ஆழமா தேச்சு எடுக்கறேன்னு போனா அந்த இடம் பூதக்கண்ணாடி மாதிரி வெளிய பாக்கறதை நெளிச்சு காட்டும்.

நாலுசக்கர_வீடு

முக்காவாசி போயிடுச்சு. மீதி சாயங்கால வெயில் நேரா அடிச்சாதான் தெரியும், வீட்டுக்காரி பரவால்லன்னுட்டா, கேஸ் குளோஸ். இப்ப ஒட்டற வேலை. பழைய ஸ்பேசரையே சுத்தம் பண்ணி புது மணி போடவா, இல்ல பியூட்டைல் பட்டை மாதிரி ஸ்பேசர் வருதாமே, அதை வாங்கவா? சூடு கம்மியா கடத்துமாமே, நடுவுல ஆர்கான் வாயு நிரப்பலாமான்னு தம்பி கேக்கறான்.

கண்ணாடிப்பட்டறை_ஆள்

தம்பியை அந்த ஆசையை விட சொல்லுங்க 😄 ஆர்கானுக்கு 12லேர்ந்து 16 மி.மீ வரைக்கும் இடைவெளி வேணும், 6 மி.மீல கிடைக்கிற லாபம் சின்னது, வீட்டுல நிரப்பி அதை உள்ள நிறுத்தறதும் சாமானியம் இல்ல. காஞ்ச காத்து போதும்.

வளைவு மூலைக்கு பட்டை ஸ்பேசர்தான் சுலபம். பியூட்டைலுக்குள்ளயே ஈரம் உறிஞ்சுற பவுடரும், இடைவெளியை தாங்க நெளிநெளியா அலுமினியத் தகடும் வச்சே வரும். உள் கண்ணாடி ஓரத்துல சுத்தி ஒட்டி, வெளிக் கண்ணாடியை மேல இறக்கி, அழுத்தி, முனை ரெண்டும் சேர்ற இடத்தை நல்லா நசுக்கி மூடணும். ஆரம்பமும் முடிவும் சேர்ற இடம் ஜன்னலோட மேல் பக்கம் வர்ற மாதிரி வைங்க. கீழ வச்சா, தண்ணி நிக்கிற இடத்துல நீங்களே ஒரு ஜாயின்ட் வச்ச மாதிரி.

பழைய அலுமினியமே போதும்னா மாலிக்யூலர் சீவ் 3ஏ கேட்டு வாங்குங்க, மூடுன டப்பா. டப்பா திறந்த நிமிஷத்துல இருந்து அது ரூம் ஈரத்தை குடிக்க ஆரம்பிக்கும், காலைல திறந்து சாயங்காலம் போட்டா பாதி வேலையை வெளியவே முடிச்சிருக்கும். சிலிக்கா ஜெல்லை 120 டிகிரில சூடு காட்டி திரும்ப உயிர் குடுக்கலாம், சீவுக்கு 200க்கு மேல வேணும், அதனால புதுசே நல்லது.

ஒட்டினப்புறம் வெளி ஓரத்துக்கு ரெண்டாவது சீல், பாலிசல்ஃபைடு இல்லன்னா நியூட்ரல் சிலிக்கான். வினிகர் வாடை வர்ற சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அதுல வெளிய வர்ற அசிட்டிக் அமிலம் உள்ள இருக்கிற சீலை கெடுத்துடும்.

மலையேறி

நாங்க அடிக்கடி மலைக்கு போறோம். 2000 மீட்டர் ஏறுனா சிப்ஸ் பாக்கெட் உப்புதே, ஒட்டி மூடுன ஜன்னலும் அப்படி உப்புமா?

பழைய_ஸ்பேனர்

உப்பும் அக்கா, அருமையான கேள்வி. 2000 மீட்டர்ல காத்தழுத்தம் அடிவாரத்தை விட அஞ்சுல ஒரு பங்கு குறைவு. உள்ள அடைபட்ட காத்து ரெண்டு கண்ணாடியையும் வெளிய தள்ளும், சீல் இழுபடும். இறங்குனா திரும்ப அமுங்கும். ஒரே இடத்துல நிக்கிற வீட்டு ஜன்னலுக்கு இந்த உடற்பயிற்சி இல்ல, மோட்டார்ஹோம் ஜன்னல் சீக்கிரம் போறதுக்கு ஆட்டமும் இதுவும்தான் பெரிய காரணம். வெப்பமும் அதே மாதிரி. நல்ல வெயில்ல, 40 டிகிரில வச்சு ஒட்டி மூடுனா குளிர்ல உள்காத்து சுருங்கி கண்ணாடி ரெண்டும் நடுவுல உள்வாங்கும், 6 மி.மீதான் இருக்கு. அதனால 20 டிகிரி பக்கம், காஞ்ச நாளா பாத்து மூடுங்க. மழை நாள்ல மூடாதீங்க, ஈரத்தை நீங்களே பார்சல் கட்டி உள்ள வச்ச மாதிரி.

நாலுசக்கர_வீடு

பட்டை ஸ்பேசர் வாங்கி ஒட்டியாச்சு. முதல் தடவை ஒட்டி தூக்கி பாத்தா நடுவுல என் கட்டைவிரல் ரேகை அப்படியே தெரியுது. நாலு வார்த்தை திட்டிட்டு (என்னைத்தான்) திரும்ப பிரிச்சு, புதுப் பட்டை போட்டு, இந்த தடவை கிளவுஸ் போட்டு, மூடறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் பாத்து மூடினேன். ரெண்டாவது சீல் போட்டு ரெண்டு நாள் காய விட்டிருக்கேன். சரியா ஒட்டியிருக்கான்னு மாட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வழி இருக்கா?

கண்ணாடிப்பட்டறை_ஆள்

இருக்கு. ஒரு எவர்சில்வர் டம்ளர்ல ஐஸும் கொஞ்சம் உப்பும் போட்டு கண்ணாடி மேல கால் மணி நேரம் வைங்க. எடுத்து வெளி ஈரத்தை தொடச்சிட்டு பாருங்க, உள்பக்கம் வட்டமா பனி படிஞ்சா உள்ள ஈரம் இருக்கு, படியலைன்னா பாஸ். ஒட்டின அன்னிக்கே பண்ணாதீங்க, உறிஞ்சுறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் குடுங்க.

நாலுசக்கர_வீடு

பாஸ்!!! வட்டம் வரல. வெளிக் கண்ணாடி உள்கண்ணாடி ரெண்டு பக்கமும் வச்சு பாத்தாச்சு.

பழைய_ஸ்பேனர்

சந்தோஷம். இனிமேதான் ஜாக்கிரதை. ஃபிரேமை சுத்தி ஓடற ரப்பரை பாருங்க, வெயில்ல சுருங்கி மூலைல இடைவெளி விட்டிருந்தா புது ரப்பர் போடுங்க, இழுத்து போடாம கொஞ்சம் தாராளமா தள்ளி போடணும், இழுத்து போட்டா ஒரே வருஷத்துல திரும்ப சுருங்கும். ரப்பர் கட்டை ரெண்டும் இடத்துல இருக்கணும், வீப் ஹோல் மூணும் திறந்திருக்கணும். சுவர்ல பழைய பசை பூரா எடுத்துட்டு ஃபிரேம் விளிம்பு பின்னாடி பியூட்டைல் டேப். அங்க சிலிக்கான் போடாதீங்க, அடுத்த தடவை கழட்டும்போது அது இருந்த சுவர்ல வேற எதுவுமே ஒட்டாது. உள்வளையம் ஸ்க்ரூவை எதிர் எதிரா, கார் சக்கரத்துக்கு முறுக்கற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா. டேப் வெளிய பிதுங்குனா நிறுத்துங்க. மறுநாள் ஒரு சுத்து முறுக்கிட்டு அப்புறம் பிதுங்குனதை வெட்டுங்க. ஒரே மூச்சுல முறுக்குனா ஃபைபர் சுவர் குழியும், ஸ்க்ரூ துளை வழுக்கிடும்.

ஓரஞ்சீட்டு

இவ்ளோ படிச்சப்புறம் எனக்கே ரெட்டைக்கு மாறலாம்னு தோணுது, தூக்கி போட்ட கண்ணாடியை எங்க தேடறது.

சும்மா_பார்வையாளன்

என் வண்டி முன் கண்ணாடி ஓரத்துலயும் பால் மாதிரி வெள்ளை வருது, அதையும் பிரிச்சு கழுவலாமா?

கண்ணாடிப்பட்டறை_ஆள்

டிரில்லை கீழ வைங்க பாஸ். அது வேற. முன் கண்ணாடில ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல காத்து கிடையாது, பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டினது. ஓரத்துல ஈரம் புகுந்து படலம் விட்டுக்கிட்டு வருது. பிரிக்கவும் முடியாது கழுவவும் முடியாது. பார்வையை மறைக்கற அளவு உள்ள வந்தா மாத்தணும்.

நாலுசக்கர_வீடு

மாட்டி மூணு வாரம் ஆச்சு, நடுவுல ரெண்டு நல்ல மழை. குடத்துல தண்ணி எடுத்து ஜன்னல் மேல் ஓரத்துல ஊத்தியும் பாத்தேன், கீழ மூணு வாய்லயும் ஒழுகிட்டு நின்னுடுச்சு. உள்ள ஒரு பொட்டு மூட்டம் இல்ல.

அந்த சந்தோஷத்துல எதிர்ப்பக்கம் இருக்கிற இன்னொரு ஜன்னலை போய் பாத்தேன், அதுலயும் அதே ஆள் அதே மாதிரி சிலிக்கான் பூசி வச்சிருக்கார். மெல்லிசு வயரை விட்டு குத்துனதும் அரை டம்ளர் தண்ணி கொட்டுச்சு. அந்தக் கண்ணாடி இன்னும் தெளிவாத்தான் இருக்கு.